தலைக்கட்டுக்கு ஒரு கல்

கடப்பைக் கல்லை விரல் முட்டியால் தட்டினால் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போல "ணங்" என்று கேட்கும். உள்ளுக்குள் கீறல் ஓடிய கல்லாக இருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டியது போலப் "பொத்" என்று அடங்கிவிடும். எங்கள் ஊர்ப் பொன்னியம்மன் கோயில் வாசலுக்குக் கல் வந்து இறங்கிய அன்று முழுக்க இந்த இரண்டு சத்தங்களைத்தான் ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. லாரியில் வைக்கோல் பரப்பி, குத்துநிலையாக நிறுத்திக் கொண்டுவந்த கற்களை ஒவ்வொன்றாக வேப்பமரத்து மேடையில் சாய்த்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மனிதர்களை அவர்கள் அத்தனை கவனமாக விசாரித்து நான் பார்த்ததில்லை.

ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு ஆள் வரும். சென்னை ராஜ்ஜியத்திலிருந்து ஆந்திரா பிரிந்தபோது எங்கள் ஜில்லா ஆந்திராவோடு போய்விட்டது. ஆனால் எல்லையைத் திரும்பவும் பார்க்கப் போகிறார்கள், தமிழ் ஊர்களைப் பிரித்துச் சென்னைக்கே கொடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு நான் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அடங்கவே இல்லை. காலையில் டீக்கடையில் "நம்ம பக்கம் வந்துடும்" என்பார்கள், சாயங்காலம் அதே டீக்கடையில் "எங்க வருது, எல்லாம் கைவுட்டுப் பூடுச்சி" என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்துகிறவள் சேந்திக்கொண்டுதான் இருந்தாள், அவளிடம் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

கோயில் வாசலுக்குக் கல் போடும் யோசனை எங்கள் பள்ளிக்கூட வாத்தியாருடையது. "எல்லை பார்க்க வருகிறவன் கோயில் வாசலில் கால் வைத்தால் தமிழ்ப் பெயர் மேல்தான் கால் வைக்க வேண்டும்" என்று அவர் ஒருநாள் கூட்டத்தில் பேசினார். ஊர் அப்படியே பிடித்துக்கொண்டது. தலைக்கட்டுக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பெயர், பெயர் தமிழில் வெட்டி "உபயம்" என்று போட வேண்டும். ஊரில் தெலுங்கு பேசுகிற இரண்டு வீடு உண்டு, அவர்களுக்கும் கல் உண்டு, ஆனால் அதுவும் தமிழில்தான். சேரிக்காரர்களுக்குக் கல்லே கிடையாது. லாரியிலிருந்து கல்லை இறக்கியவர்கள் அவர்கள்தான். ரோட்டோரம் வரைக்கும் இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டார்கள், அங்கிருந்து உள்ளே ஊர் ஆட்கள் தூக்கினார்கள். அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, என் அம்மாவும் பேசவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைக்கட்டு என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. கோயில் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள், அந்த வரியைக் கொடுக்கிறவனுக்குத்தான் ஊர்க் கூட்டத்தில் வாய் உண்டு, படையலில் பங்கு உண்டு. புருஷன் செத்துப்போன வீட்டுக்கு அரை வரி. அந்த வீடு அரைத் தலைக்கட்டு. இதில் இன்னொரு வழக்கமும் இருந்தது: ஒரு வீட்டு வரியை எவன் கட்டுகிறானோ அவன்தான் அந்த வீட்டுக்காகப் பேசலாம். வீடு, நிலம், ஆடு, மாடு எதில் தகராறு வந்தாலும் "வரி யாரு கட்டறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

என் நைனா ஏகாம்பரம் உயிரோடு இருந்தார், ஊரில் இல்லை. மில் வேலைக்கென்று மெட்ராசுக்குப் போனவர் முதல் இரண்டு பொங்கலுக்கு வந்தார், அப்புறம் பெரம்பூர்ப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார் என்று செய்தி வந்தது, அவர் வரவில்லை. அம்மாவின் பெயர் கன்னியம்மா. தாலி கழுத்தில் இருந்ததால் அவள் அரைத் தலைக்கட்டு இல்லை, புருஷன் இல்லாததால் முழுத் தலைக்கட்டும் இல்லை. ஊர்க் கணக்கில் அவளுக்குப் பெயரே கிடையாது. எங்களுக்கு ஒரு ஓட்டு வீடும், வேர்க்கடலை போடுகிற ஒரு மானாவாரிக் "கொல்லி"யும் இருந்தன. ஏர் வைத்து உழச் சொல்கிறவள் அவள், கடலையை உரித்துப் புத்தூர்ச் சந்தைக்கு மூட்டை கட்டுகிறவள் அவள், கோயில் வரியையும் அவள்தான் வருஷா வருஷம் முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ரசீதில் மட்டும் நைனா பெயர் இருக்கும். பக்கத்து வீட்டில் நைனாவின் அண்ணன், என் பெரியநைனா இருந்தார். அவருக்கு எங்கள் கொல்லி மேல் கண். அவருடைய கொல்லிக்கும் எங்களுடையதற்கும் நடுவில் ஒரு வரப்புதான். அந்த வரப்பு வருஷத்துக்கு ஒரு சாண் எங்கள் பக்கம் நடந்து வரும்.

எத்தனை கல் வேண்டும் என்ற கணக்கை வாத்தியார் எங்கள் வகுப்பில் வைத்தே போட்டார். முதல்நாள் எங்களைக் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு பிடித்து அளக்க வைத்தார். நீளம் முப்பது அடி, அகலம் இருபத்தொரு அடி. கல் இரண்டடிக்கு இரண்டடி. வேப்பமரத்து மேடை ஆறடிச் சதுரம், அதைக் கழிக்க வேண்டும். மறுநாள் பலகையில் எழுதிப் போட்டு, "எத்தனை கல்?" என்று கேட்டார். ஒருவன் பரப்பைப் பெருக்கி நாலால் வகுத்து நூற்று ஐம்பத்தேழரை என்றான். வாத்தியார் அவன் காதைத் திருகி, "அரைக் கல்லு எவன்டா விக்கிறான், உங்கப்பனா?" என்றார். பரப்பை வகுத்தால் மட்டும் போதாது, கல்லை மனதுக்குள் வரிசையாகப் பரப்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நீளத்தில் பதினைந்து கல், அகலத்தில் பத்துக் கல், அது போக வாய்க்கால் ஓரமாக ஓர் அடி மிஞ்சும். அந்த ஓர் அடிக்குக் கல்லைப் பாதியாக அறுத்துப் போட வேண்டும், பதினைந்து அரைக்கல். மேடைக்கு ஒன்பது கழித்தால் முழுக் கல் நூற்று நாற்பத்தொன்று. உடைசலுக்கென்று ஐந்து கல் கூடுதலாகச் சொல்லிவைக்க வேண்டும். விடையை முதலில் சொன்னது நான்தான். வாத்தியார் என் சிலேட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தரையில் சிதறிக் கிடக்கிற எதையும் கட்டம் கட்டிப் பார்த்தால் ஒழுங்காகிவிடும் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் ஊர்க் கூட்டம். கோயில் தர்மகர்த்தா வேப்பமேடையில் உட்கார்ந்திருந்தார், வாத்தியார் பக்கத்தில் நின்று கணக்கைப் படித்தார். ஊரில் ஆண்பிள்ளை உள்ள தலைக்கட்டு நூற்று இருபத்தேழுதான். கல் நூற்று நாற்பத்தொன்று. மீதிக்கு யார் பெயர்? உடனே ஆண்பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனவன், ரேணிகுண்டா ரயில்வேயில் இருக்கிறவன், இன்னும் பரிசம் கூடப் போடாத மாப்பிள்ளைகள், ரங்கூனுக்குப் போய் யுத்தத்தோடு தகவல் அற்றுப்போன ஒருவர் என்று எல்லோருக்கும் ஒரு கல் எழுதினார்கள். எல்லை பார்க்க வருகிறவன் எண்ணிப் பார்ப்பான், தலை குறையக் கூடாது. புருஷன் செத்த வீடுகளை எண்ணினார்கள், சரியாகப் பதினைந்து. வாய்க்கால் ஓரத்து அரைக்கல்லும் பதினைந்து. தர்மகர்த்தா தொடையில் தட்டி, "அம்மனே அளந்து குடுத்தாப்ல கீது பாருங்கய்யா" என்றார். எல்லோரும் அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்போது பெரியநைனா எழுந்தார். "என் தம்பி ஊர்ல இல்லன்னாலும் அவன் தலைக்கட்டு அழியக்கூடாது. அவன் பேர்ல ஒரு கல்லு, நானே குடுத்துடறேன். இனிமே அவன் வரியும் நானே கட்டிடறேன்" என்றார்.

"அண்ணன்னா இவருதான்யா அண்ணன்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அவர் என்ன கேட்கிறார் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வரி அவர் கட்டினால் வீட்டுக்கும் கொல்லிக்கும் பேச வேண்டியவர் அவர். கல்லில் பெயர் வெட்டி ஊரே பார்க்கக் கிடந்தால் அப்புறம் அதற்குச் சாட்சி எதற்கு? அம்மா பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். மூத்தாரோடு, அதாவது புருஷனுடைய அண்ணனோடு, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"சரோஜா, உங்க பெரியநைனாவக் கேளுடி. உங்க நைனா இந்த ஊர்ல கடைசியா சோறு துன்னது எப்போன்னு கேளு."

மூன்று முழ தூரத்தில் நிற்கிறவருக்கு அது காதில் விழாமல் இருக்குமா? இருந்தாலும் நான் சொல்ல வேண்டும், சொன்னேன். ஆட்கள் சிரித்தார்கள்.

"உங்கம்மாவ வாய மூடிக்கினு வூட்டுக்குப் போவச் சொல்லு" என்றார் பெரியநைனா.

"போறேன்னு சொல்லுடி. எம்பேர்ல ஒரு முழுக் கல்லு எழுதிக்கினா இப்பவே போறேன். உலை வெக்கறவ நானு, ஏர் கட்டச் சொல்றவ நானு, இத்தினி வருசமா வரி குடுக்கறவ நானு. அவரு எங்க கீறாரு, எவகூட கீறாருன்னு யாருக்குத் தெரியும்? ஓடிப்போனவனுக்கு முழுக் கல்லு, வூட்ல கீறவளுக்கு ஒண்ணுமில்லியா?"

தர்மகர்த்தா கெட்டவர் இல்லை, சௌகரியம் பார்க்கிறவர். "ஏம்மா கன்னியம்மா, புருசன் உசுரோட கீறப்போ பொண்டாட்டி பேர்ல கல்லு போட்டா ஊரே சேர்ந்து அவன சாவடிச்ச மாரி ஆயிடுமே" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு விடலை, "தாலிய அறுத்துக்கினு வரச் சொல்லுங்க, அரைக்கல்லு தரலாம்" என்றான். அதற்கும் சிரித்தார்கள். நரைத்த தலைகளும் சிரித்தன.

"அரைக்கல்லும் பதினஞ்சோட முடிஞ்சிபோச்சிப்பா" என்று தர்மகர்த்தா ரொம்ப நிதானமாகச் சொன்னார். "கணக்கு சரியாப் பூடுச்சி. வாத்தியாரே, சரிதானே?"

வாத்தியார் காகிதத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். என்னை அவர் பார்க்கவில்லை. சிலேட்டைத் தூக்கிக் காட்டியபோது என் உச்சி குளிர்ந்ததே, அதே கணக்குதான். அதில் ஒரு பிசகும் இல்லை. இன்றுவரைக்கும் யாராவது "கணக்கு சரியாக இருக்கிறது" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல் பதித்தார்கள். சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பரப்பி, கயிறு கட்டி மட்டம் பார்த்து, வரிசை வரிசையாக வைத்தார்கள். எழுத்து வெட்டுகிற ஆள் காளஹஸ்தியிலிருந்து வந்தான், அவன் சுத்தியல் சத்தம் ஓயாமல் கேட்டது. "ஏகாம்பரம் உபயம்" வேப்பமேடைக்கு இடது பக்கம், மூன்றாவது வரிசையில் விழுந்தது. பெரியநைனா தினம் காலையில் குளித்துவிட்டு வந்து அந்தக் கல்லைத் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். தம்பி மேல் பாசம் என்று ஊர் சொல்லியது. கல் பதித்த அடுத்த மாசமே எங்கள் கொல்லியில் அவருடைய ஏர் இறங்கியது. அம்மா போய்க் கலப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டி வந்தவன், "அக்கா, எனுக்கு இன்னா தெரியும், வரி கட்றவரு சொன்னாரு" என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான். "ஆடி ஜாத்திர முடியட்டும், ஊர்ல வெச்சுப் பேசி முடிச்சிக்கிறேன்" என்று பெரியநைனா எங்கள் வாசலில் நின்று, என்னிடம், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஆடி ஜாத்திரைக்கு எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கோயில் வாசலில் மூன்று செங்கல் கூட்டி, புதுப்பானை வைத்துப் பொங்கலிட வேண்டும். எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று தெரியாது. நீளத்தை அளந்தவர்கள், அகலத்தை அளந்தவர்கள், ரங்கூன்காரனுக்குக்கூட இடம் வைத்தவர்கள், ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அடுப்பு மூட்டுகிற இடம் அதுதான் என்பதை நினைக்கவே இல்லை. கடப்பைக் கல் நெருப்பைத் தாங்காது. சூடேறின கல்லில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். எழுத்து வெட்ட வந்தவன் போகிறபோது அதைச் சொல்லிவிட்டுப் போனான், அப்போதுதான் பெரிய மனிதர்களுக்கு உறைத்தது. ஜாத்திரைக்கு முதல்நாள் தமுக்கு அடித்தார்கள்: கல்லின் மேல் யாரும் அடுப்பு வைக்கக் கூடாது, பொங்கலிடுகிறவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

அந்தப் பக்கம் வண்டிப்பாதை. முதல்நாள் பெய்த மழையில் மாட்டுச் சாணமும் சேறும் கணுக்கால் அளவுக்குக் கிடந்தன. பெண்கள் திட்டிக்கொண்டேதான் போனார்கள். "அம்மனுக்குப் பொங்கலா, எருமைக்குப் பொங்கலா?" என்றாள் ஒருத்தி. "நம்மளுக்கு இடம் வெக்கத் தெரில, இவனுங்க எல்லை பிரிக்கப் போறானுங்க" என்றாள் இன்னொருத்தி. சொன்னார்கள், ஆனால் போனார்கள். சேற்றில் செங்கல் ஒரு பக்கம் இறங்க, பானை சாய, புகை கண்ணில் அடிக்க, அங்கேயே மூட்டினார்கள்.

அம்மா போகவில்லை. வேப்பமேடையைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, மூன்றாவது வரிசையில் குனிந்து எழுத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதானடி?" என்று என்னைக் கேட்டாள். இதுதான் என்றேன். செங்கல் மூன்றையும் அந்தக் கல்லின் மேல் கூட்டினாள். கருவேல விறகை அடுக்கிப் பற்ற வைத்தாள், பானையை ஏற்றினாள். யாரோ பார்த்துச் சத்தம் போட, ஆட்கள் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏ கன்னியம்மா, தமுக்கு அடிச்சது காதுல வுழல?"

"வுழுந்துச்சி."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க வெக்கற?"

"எங்கூட்டுக்காரன் மேலதானே வெக்கறேன். உங்கூட்டு ஆளு மேலயா வெச்சேன்?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேற்றில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு சிரிப்பை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொங்கல் பானையைக் கையால் தொட்டு இறக்கக் கூடாது, எரிகிற அடுப்பைக் காலால் உதைக்கக் கூடாது, அம்மன் குற்றம். பொம்பளை மேல் கை வைக்கவும் முடியாது. அம்மா முகத்தைத் திருப்பாமல் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். நெருப்பு நன்றாகப் பிடித்து, நிற்கிறவர்கள் முகத்தில் அனல் அடித்தது. பெரியநைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வழக்கம் எல்லாம் மறந்து அம்மாவைப் பார்த்து நேராகவே கத்தினார். "என் தம்பி பேர எரிக்கிறியாடி? எடுடி!"

அம்மா என்னிடம் சொன்னாள்: "சரோஜா, அரிசி இன்னும் வேவலன்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பக்கத்தில் யாரோ வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்பின் மேல் அப்படியே கவிழ்த்தார். "புஸ்"ஸென்று ஆவி எழும்பியது. அதற்குள்ளிருந்து வேட்டு மாதிரி ஒரு சத்தம். கல் பிளந்து, மேல் ஓடு சில்லுச் சில்லாகத் தெறித்தது, ஒரு சில்லு தர்மகர்த்தாவின் முழங்காலில் பட்டு ரத்தம் வந்தது. பானை சாய்ந்து பாதி வெந்த அரிசி கல்லின் மேல் ஓடியது. ஆவி அடங்கிப் பார்த்தால் "ஏகா" மட்டும் இருந்தது.

அன்று மாலையே கூட்டம். உடைத்தவர்கள் புதுக் கல் போட வேண்டும் என்பது ஊர் நியாயம். யார் உடைத்தது? கல்லைச் சூடாக்கியது அம்மா, தண்ணீர் ஊற்றியது பெரியநைனா. "நானு பொங்கல்தான் வெச்சேன். வெடி வெச்சது யாரு?" என்று அம்மா கேட்டாள். புதுக் கல்லை நானே போடுகிறேன், என் பெயர் வெட்டுங்கள் என்றாள். பெரியநைனா, நானே போடுகிறேன், தம்பி பெயர் வெட்டுங்கள் என்றார். அம்மனுக்குப் பொங்கிய பானையை அவர் கவிழ்த்ததும் ஊருக்கு உறுத்தியது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தர்மகர்த்தா முழங்காலைத் தடவிக்கொண்டே, உடைசலுக்கென்று வாங்கிய ஐந்து கல்லில் ஒன்றை எடுத்துப் போடச் சொன்னார். "பேரில்லாமப் போடுங்க. அவன் பேரும் வாணாம், இவ பேரும் வாணாம். தொல்ல வுட்டுச்சி."

அப்படித்தான் போட்டார்கள். நூற்று நாற்பத்தொரு கல்லில் பெயரில்லாத கல் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு பெரியநைனா கொல்லி விவகாரத்தைக் கூட்டத்தில் வைத்தபோதெல்லாம், "கல்லுலயே பேரில்ல, நாங்க எப்டிய்யா சொல்றது?" என்று கை விரித்துவிட்டார்கள். அதை நியாயம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது சோம்பல். எங்கள் வீட்டு வரியை யாரிடமும் வாங்கவில்லை, படையல் பங்கும் இல்லை, கூட்டத்துக்குத் தகவலும் இல்லை. அந்தச் சோம்பலுக்குள் அம்மா நுழைந்துகொண்டு, சாகிறவரைக்கும் அந்தக் கொல்லியில் கடலை போட்டாள், என்னைப் படிக்க வைத்தாள். ஊரில் அவள் பெயரைச் சொல்லி ஒரு தாம்பூலம் வைத்தவர் கிடையாது.

எல்லை பார்க்க யாராவது வந்தார்களா என்று கேட்பீர்கள். ஒருநாள் ஒரு ஜீப் வந்தது. ஊரே வேட்டி மாற்றிக்கொண்டு ஓடியது, கல்லையெல்லாம் கழுவிவிட்டார்கள். ஜீப்பில் வந்தவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டார். மோர் கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தார், புத்தூருக்கு எப்படிப் போவது என்று தெலுங்கில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கோயில் வாசலில் அவர் கால் வைக்கவே இல்லை. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு திருத்தணிக்கே போனார்.

நான் திருப்பதியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அலிபிரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சமீபத்தில் கோயில் வாசலுக்குப் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். வேலையை நடத்துகிறவன் அந்த தர்மகர்த்தாவின் பேரன். நல்ல பையன், நாற்காலி போட்டு உட்கார வைத்தான். செல்போனைத் தட்டி எத்தனை சதுர அடி, எத்தனை பெட்டி என்று அரை நிமிஷத்தில் சொன்னான். பெயர் வெட்டின கல்லையெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள், பேரில்லாத ஒன்றைச் சம்மட்டியால் உடைத்துக் கீழே ஜல்லிக்குப் போட்டாகிவிட்டது என்றான். பொங்கலுக்கு எங்கே இடம் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "இப்ப யாரு அத்தே அடுப்பு மூட்டறாங்க? பிரசாதம் புத்தூர் கேட்டரிங்ல இருந்து வந்துடுது" என்றான். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைச் சுவரில் பலகையாகப் பதிக்கப் போகிறார்களாம். எழுத்து தெலுங்கில். அதற்கு ஊரில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"உங்க பேரும் போட்டுடலாம் அத்தே" என்றான். "நீங்க தனியாளு இல்லியா, அரை வரி குடுத்தா போதும். கீழ் வரிசைல வரும்."

"எங்கம்மா பேர்ல குடுத்தா?"

"செத்தவங்க பேர்லன்னா முழுசாவே போட்டுக்கலாம் அத்தே. ஞாபகார்த்தம்னு வரும். அதுல ஆம்பள பொம்பள பேதமே இல்ல." சந்தோஷமாகத்தான் சொன்னான், தன்னுடைய காலத்தில் ஊர் திருந்திவிட்டது என்ற பெருமை அவன் முகத்தில் இருந்தது. "பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நான் சொல்லவில்லை. கன்னியம்மா என்று அந்த ஊருக்கு நான் எழுதிக் கொடுக்கப் போவதும் இல்லை. செத்த பிறகு முழுத் தலைக்கட்டு ஆவதற்காக அவள் அந்தக் கொல்லியில் கலப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.